ஜெர்மனியில் எம்.எஸ்.: ரேங்க் பார்க்கும் முன் படிக்க வேண்டியவை

திருச்சியில் ஒரு பொதுத்துறை வங்கியின் கல்விக் கடன் மேஜையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்த காலேஜ்?" என்று இல்லை. "அங்கே ஒரு பேப்பரில் பெயிலானால் என்ன ஆகும்?" என்றுதான் கேட்பேன். பையனுக்கும் தெரியாது, கூட வந்த அப்பாவுக்கும் தெரியாது. காலேஜின் உலக ரேங்க் மட்டும் இரண்டு பேருக்கும் மனப்பாடமாக இருக்கும்.

அப்புறம் என் மகளே மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனி போகிறேன் என்றாள். அந்த நாட்டுப் படிப்பு முறையை அடமானப் பத்திரம் படிப்பது மாதிரி வரி வரியாகப் படிக்க வேண்டியதாயிற்று. இப்போது அவள் அங்கேயே வேலையில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் தெருவில் யாராவது பைலோடு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன். இது பெரும்பாலும் பி.இ., பி.டெக். முடித்து மாஸ்டர்ஸ் போகிறவர்களுக்கு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே உயர்கல்வி மத்திய அரசின் கையில் இல்லை, மாநிலங்களின் கையில் இருக்கிறது. மொத்தம் 16 மாநிலங்கள். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று நம் ஊரில் சொல்வது பாதி சரி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ மட்டும் கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து வாங்குகிறது. அங்கே மாஸ்டர்ஸுக்கு, பாடத்தைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. ஆக, ஊர் பெயரைக் கேட்டவுடன் அது எந்த மாநிலம் என்று பாருங்கள். நாலு செமஸ்டருக்கு ஆறாயிரம் யூரோ கூடுதலா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, எந்த வகை நிறுவனம் என்பது. அரசு நிறுவனங்களில் இரண்டு வகையை முக்கியமாகப் பிரித்தறிய வேண்டும். ஒன்று பல்கலைக்கழகம். தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் இதில் சேர்த்தி. ஆஹன், டிரெஸ்டன், டார்ம்ஸ்டாட், பிரவுன்ஷ்வைக் மாதிரி ஒன்பது பெரிய இடங்கள் 'டி.யூ.9' என்று ஒரு கூட்டணியாகவே இருக்கின்றன. இன்னொன்று பயன்முறை அறிவியலுக்கான ஹோக்ஷூலே. நம் பிள்ளைகள் எஃப்.எச். அல்லது எச்.ஏ.டபிள்யூ. என்பார்கள். பல்கலைக்கழகத்தில் கோட்பாடு அதிகம், கணக்கு அதிகம், வகுப்புகள் பெரிசு. எஃப்.எச்.சில் வகுப்பு சின்னது, ப்ராஜெக்ட் அதிகம். அங்கே பேராசிரியர் ஆவதற்குப் பொதுவாக ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும், அதில் மூன்று வருடமாவது கல்லூரிக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். அதனால் பாடம் எடுக்கிறவர் ஏதோ ஒரு ஆலையிலோ கம்பெனியிலோ கை வைத்து வேலை பார்த்தவராகவே இருப்பார். இரண்டு இடத்து மாஸ்டர்ஸ் பட்டத்துக்கும் சட்டப்படி ஒரே மதிப்பு. பி.எச்டி. பட்டம் கொடுக்கும் உரிமை மட்டும் வழக்கமாகப் பல்கலைக்கழகத்துக்குத்தான். சில மாநிலங்களில் சில எஃப்.எச்.களுக்கும் இப்போது கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

"எஃப்.எச். என்றால் நம்ம பாலிடெக்னிக் மாதிரியா சார்?" என்று ஒருவர் கேட்டார். இல்லவே இல்லை. ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகம், சீக்கிரம் தொழிற்சாலை வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு எஃப்.எச். என்றுதான் நான் சொல்வேன். நம் ஊரில் ஐ.ஐ.டி.க்கும் சாதாரணத் தனியார் காலேஜுக்கும் இருக்கிற பள்ளம் அங்கே அரசு நிறுவனங்களுக்குள் கிடையாது. உலக ரேங்க்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

மூன்றாவதாகத் தனியார் நிறுவனங்களும் உண்டு. ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனால் முதலில் இவற்றைத்தான் காட்டுவார்கள், காரணம் கமிஷன். அரசுப் பல்கலைக்கழகம் பொதுவாக ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பதில்லை. என் மேஜைக்கு ஒருமுறை ஒரு சேர்க்கைக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் பளபளவென்று இருந்தது. வருடக் கட்டணம் லட்சக்கணக்கில். கீழே பொடி எழுத்தில், பட்டத்தைத் தருவது வேறு நாட்டில் இருக்கும் இன்னொரு நிறுவனம் என்று போட்டிருந்தது. பையனுக்கு அது தெரியாது. தனியார் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் தெரியாமல் பணம் கட்டாதீர்கள்: அந்த மாநில அரசின் அங்கீகாரம் இருக்கிறதா, பட்டத்தில் யார் பெயர் இருக்கும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்குத் தர அங்கீகாரம் இருக்கிறதா. 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' என்ற தளத்தில் அரசு, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் என்று எல்லா நிறுவனங்களும் படிப்புகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளுக்கு டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் தனிப் பட்டியல் உண்டு. இரண்டும் இலவசம். ஏஜென்ட் கொடுக்கும் அச்சிட்ட பட்டியலைவிட இவை ஆயிரம் மடங்கு மேல்.

பட்டியலில் படிப்பைப் பிடித்ததும் அதற்கு இட வரம்பு உண்டா என்று பாருங்கள். வரம்பு இல்லாத படிப்பில், கேட்கிற தகுதி இருந்தால் இடம் கிடைத்துவிடும். கவுன்சலிங்கிலேயே வளர்ந்த நமக்கு இது நம்பவே முடியாது. வரம்பு உள்ள படிப்பில் மட்டும்தான் போட்டி. அதற்கு 'என்.சி.' என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அது முன்கூட்டியே வைத்த கோடு கிடையாது. போன தடவை கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண், அவ்வளவுதான். நம் கட்-ஆஃப் போலவே அது வருடா வருடம் மாறும்.

சரி, தகுதி என்றால் என்ன? இங்கேதான் நிறைய பைல்கள் விழுகின்றன. மொத்த மதிப்பெண்ணைவிட உங்கள் பி.இ. பாடங்கள் அவர்களுடைய பி.எஸ்சி. பாடங்களோடு பொருந்துகிறதா என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் படிப்பின் அளவை ஈ.சி.டி.எஸ். கிரெடிட்டில் சொல்கிறார்கள். ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 60, ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதற்குள்தான். சேர்க்கை விதியில் "கணிதம் 20, இயக்கவியல் 15, வெப்ப இயக்கவியல் 10" என்கிற மாதிரி கேட்டிருப்பார்கள்.

அதற்கு ஒரு அட்டவணை போட வேண்டும். நானும் மகளும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போட்டோம். நாலு வருட பி.இ. என்றால் 240 ஈ.சி.டி.எஸ். என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மார்க் ஷீட்டில் மொத்தம் 160 கிரெடிட் என்றால் 240-ஐ 160-ஆல் வகுக்க 1.5 வரும். நாலு கிரெடிட் பேப்பர் ஒன்று 6 ஈ.சி.டி.எஸ். ஆகிவிடும். இடதுபக்கம் அவர்கள் கேட்கிற தலைப்பு, வலதுபக்கம் உங்கள் பேப்பர்கள். எம்-1, எம்-2, எம்-3, நியூமரிக்கல் மெத்தட்ஸ் எல்லாம் கணிதத்தில் போகும். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸும் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் இயக்கவியலில் போகும். சந்தேகமான பேப்பருக்குப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சிலபஸைப் படித்து அலகு அலகாகப் பொருத்துங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே மூன்று அலகு கணக்கு இருக்கலாம். சில பல்கலைக்கழகங்கள் இந்த அட்டவணைக்கென்றே படிவம் வைத்திருக்கின்றன. மற்ற இடங்களுக்கும் நீங்களே ஒன்று போட்டு, சிலபஸோடு சேர்த்து அனுப்புங்கள். கணக்கிடும் முறை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ஐந்தோ ஆறோ கிரெடிட் குறைகிற இடம் எது, இருபது குறைகிற இடம் எது என்று இந்த அட்டவணையே காட்டிக் கொடுத்துவிடும். இருபது குறைந்தால் விண்ணப்பக் காசு வீண். சிவில் முடித்தவர் டேட்டா சயின்ஸுக்கும், ஈ.சி.இ. முடித்தவர் மெக்கானிக்கலுக்கும் போக முடியாமல் நிற்பது இங்கேதான்.

எதிர்ப்பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு படிப்புக்கும் 'மாட்யூல் ஹேண்ட்புக்' என்று ஒரு பிடிஎஃப் உண்டு, சில நூறு பக்கம் இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், எழுத்துத் தேர்வா வாய்மொழியா, எந்த மொழியில், குளிர்காலத்திலா கோடையிலா என்று எல்லாம் அதில் இருக்கும். "ஆங்கிலப் படிப்பு" என்று சேர்ந்துவிட்டு, பிடித்த விருப்பப் பாடமெல்லாம் ஜெர்மன் மொழியில் நடப்பதைப் போய்த்தான் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அதைத் திருச்சியில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம்.

அடுத்தது மதிப்பெண். அங்கே 1.0 தான் முதல் தரம், 4.0 பாஸ், 5.0 பெயில். எண் குறையக் குறைய நல்லது. நம் சி.ஜி.பி.ஏ.வை மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், உச்சத்திலிருந்து பாஸ் மதிப்பெண்ணையும் கழியுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்.

பத்துக்கு 8.0 என்று ஒரு சி.ஜி.பி.ஏ. எடுத்துக்கொள்வோம். பாஸ் 5 என்றால், இரண்டை ஐந்தால் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட 2.2 வரும். பாஸ் 6 என்றால் அதே எட்டு 2.5 ஆகிவிடும். பாஸ் 4 என்றால் 2.0. பல படிப்புகள் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தில், உங்கள் ரெகுலேஷனில், குறைந்தபட்சப் பாஸ் கிரேடு புள்ளி என்ன என்று மார்க் ஷீட்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் தளத்துக் கால்குலேட்டர் எந்தப் பாஸ் மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

விண்ணப்ப நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தருவது. முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தை ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்பதை 'அனாபின்' தளத்தில் பார்க்கலாம். எச் பிளஸ், அதாவது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம், என்றிருந்தால் கவலை இல்லை. சில இடங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், சில இடங்களுக்கு 'யூனி-அசிஸ்ட்' வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றும் 30. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15, கோடைக்கு ஜனவரி 15 என்பது பொதுவான கடைசி நாள். ஆனால் ஆங்கிலப் படிப்புகள் பலவற்றுக்கு வெளிநாட்டவருக்கான தேதி மாதக்கணக்கில் முன்னாலேயே முடிந்துவிடும், படிப்பின் பக்கத்தில் போட்டிருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள். பிளஸ் டூ முடித்து நேராகப் போக நினைப்பவர்களுக்குப் பாதை வேறு: ஒரு வருட ஷ்டூடியன்கொலேக், முடிவில் ஒரு தகுதித் தேர்வு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர்களுக்கும் இங்கே காலேஜில் முதல் வருடம் முடித்தவர்களுக்கும் அதற்குத் தனி வழி உண்டு.

இப்போது நான் மேஜையில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்.

ஒவ்வொரு படிப்புக்கும் தேர்வு விதித்தொகுப்பு ஒன்று உண்டு. ஜெர்மனில் 'ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்' என்பார்கள். தளத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். பல இடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும், இல்லாவிட்டால் இயந்திர மொழிபெயர்ப்பு போதும். அதில் மறுதேர்வு பற்றிய பிரிவைத் தேடுங்கள். நம் ஊரில் அரியர் என்பது ஒரு தலைவலி, அவ்வளவுதான். ஆறு அரியர் வைத்து, ஏழாவது தடவை கிளியர் செய்து, பட்டமும் வாங்கி வேலைக்கும் போனவர்களை எனக்கே தெரியும். அங்கே பெரும்பாலான இடங்களில் ஒரு பேப்பருக்கு மொத்தமே மூன்று முயற்சி. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் படிப்பே முடிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அதே படிப்பில் ஜெர்மனியில் வேறு இடத்திலும் பொதுவாகச் சேர முடியாது. விசாவும் ஆட்டம் காணும். முயற்சிக்கு வரம்பு வைக்காமல், இத்தனையாவது செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிற இடங்களும் உண்டு. எது உங்களுடையது என்பது அந்தப் பிடிஎஃப்பில்தான் இருக்கும்.

அதே பிரிவில் இன்னும் சிலதைப் பாருங்கள். வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்குத் தானாகப் பெயர் போய்விடாது, நீங்களே தனியாகப் பதிய வேண்டும். பதிவதற்கு ஒரு கடைசி நாள், வேண்டாம் என்று விலக ஒரு கடைசி நாள். விலகாமலும் வராமலும் இருந்தால், டாக்டர் சான்றிதழ் இல்லையென்றால் 5.0 போட்டு ஒரு முயற்சியைக் கழித்துவிடுவார்கள். பாஸான பேப்பரை மதிப்பெண் கூட்ட மறுபடி எழுதுவது பெரும்பாலும் முடியாது. இன்டர்னல் மார்க்கும் பெரும்பாலும் கிடையாது. செமஸ்டர் முழுவதும் படித்ததற்கு, கடைசியில் வரும் தொண்ணூறு நிமிடத் தேர்வோ பேராசிரியர் முன்னால் அரை மணி நேர வாய்மொழித் தேர்வோதான் மொத்த மதிப்பெண்.

75 சதவீத அட்டெண்டன்ஸுக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே போய் லெக்சருக்கு யாரும் பெயர் கூப்பிடுவதில்லை என்று குஷியாகிவிடுவார்கள். லேபுக்கும் செமினாருக்கும் மட்டும்தான் வருகைப் பதிவு. லெக்சரோடு பயிற்சி வகுப்பு என்று ஒன்று ஓடும். கணக்குத் தாள் கொடுத்துப் போட வைப்பார்கள். தேர்வுக் கேள்வியின் சாயல் அங்கேதான் தெரியும், அதை விடாதீர்கள் என்று மகள் எல்லோரிடமும் சொல்வாள். கால அட்டவணையில் "10 சி.டி." என்று இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்கு, "10 எஸ்.டி." என்றால் பத்துக்கு. முதல் வாரம் அவள் காலி அரங்கில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

படிப்புக் காலத்தையும் கடிதத்தில் இருக்கிறபடியே நம்பாதீர்கள். நான்கு செமஸ்டர் என்பது திட்டக் காலம். தீசிஸ், இன்டர்ன்ஷிப், மறுதேர்வு என்று ஐந்து, ஆறு செமஸ்டர் ஆவது அங்கே சாதாரணம், அதை யாரும் தோல்வியாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு செமஸ்டரும் பங்களிப்பைக் கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். தேதி தவறினால் பெயர் போய்விடும்.

பணக் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992 என்று வெளியே விடுவார்கள். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இது முதல் வருடத்துக்கு மட்டும். பகுதிநேர வேலைக்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. அதை வைத்து இரண்டாம் வருடத்தை ஓட்டலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு செமஸ்டரில் வேலைச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மூன்று முயற்சி விதியையும் இரவு ஷிஃப்டையும் ஒன்றாகச் சமாளிப்பது எல்லோராலும் முடியாது. படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்த வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும், ஆங்கிலப் படிப்பு என்றாலும். ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை வரையாவது இங்கேயே முடித்துவிட்டுப் போகச் சொல்வேன்.

கடைசியாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு. வங்கியில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை தொடங்காது. படிப்புக் காலம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வது சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் நான்கு செமஸ்டரை. ஆறு செமஸ்டர் ஆனால், பிள்ளை தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே தவணைக் கெடு நெருங்கிவிடும். கடன் அனுமதிக்கு முன்பே, படிப்பு நீண்டால் காலத்தை நீட்டிக்க என்ன ஆவணம் வேண்டும் என்று கிளை மேலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு விதித்தொகுப்பில் அதிகபட்சப் படிப்புக் காலம் பற்றி ஏதும் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். நீட்டிப்பு கேட்கும்போது, செமஸ்டர் பதிவுச் சான்றிதழையும் அதுவரை எடுத்த கிரெடிட் பட்டியலையும் பிள்ளை அங்கிருந்து அனுப்பினால் வேலை சுலபம். இரண்டையும் மாணவர் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.